ஒற்றை யந்திர விமானமும் இராப் பிரயாணமும்

ஒரே யந்திரம் பூட்டிய சிறு விமானத்தில் இரவிற் பறத்தல் தகுமோ தகாதோ என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. விமானத் தொழில் தோன்றிய சில ஆண்டுகளுக்குள் எழுந்து, இன்றுவரை தீராத வழக்காக நின்று வருகின்றது. இதற்கு விடை கூறுவோர் இரு சாரார். யந்திரத்திற்கு இரவென்றும் பகலென்றும் தெரியாது, பகலில் ஓடுவது இரவிலும் ஓடும், ஆதலால் அச்சம் வீண் என்பார் ஒரு சாரார். ஒற்றை யந்திரம் நின்றுவிடின் இருளில் இறங்க இடம் ஏது, ஆதலால் இரண்டு யந்திரமில்லாத விமானம் பொழுது சாய்ந்தபின் கொட்டகையை விட்டு வெளிவருதலே கூடாது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் யந்திரத்தையே எண்ணிக்கொண்டிருக்கின்றனர். எண்ணவேண்டியவை வேறு உள என்பது எம் கருத்து.

இரவிற் பறக்கவேண்டிய அவசியந்தான் யாது என்று முதலிற் பார்ப்போம். விமானம் வேகமுடையதாயினும், பொழுது சாய்ந்ததும் அது தங்கிவிடுமாயின், இரவும் பகலும் ஓடும் ரயில் வண்டி பெரும்பாலும் அதனை எட்டிப் பிடித்துவிடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தபால் இலாகா 1918-ஆம் ஆண்டில் விமானத் தபாலைத் தொடங்கிய பின்னர், இவ்விடர்ப்பாடே அதன் வழியில் நின்றது. பகலில் விமானத்திலும் இரவில் ரயிலிலுமாக மூட்டைகளை மாற்றி மாற்றி ஏற்றியதனால் மிச்சப்பட்ட நேரம், செலவிட்ட பணத்திற்கு ஈடாகப் பலருக்குத் தோன்றவில்லை. அந்நாட்டுக் காங்கிரஸ் சபையிற் சிலர் இத்திட்டத்தையே கைவிடலாம் என்றனர்.

ஆகவே 1921-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் ஒரு பரீட்சை நடந்தது. நியூயார்க்கிலிருந்து இரண்டு விமானங்களும் ஸான் பிரான்சிஸ்கோவிலிருந்து இரண்டு விமானங்களும் எதிரெதிராகப் புறப்பட்டன. மேற்கு நோக்கிச் சென்றவற்றின் முயற்சி சிகாகோவோடு முடிந்தது. கிழக்கு நோக்கி வந்தவற்றுள் ஒன்று நெவாடாவில் விழ, அதன் விமானி மாண்டார். எஞ்சிய தபால் கைமாறிக் கைமாறி, நெப்ராஸ்காவிலுள்ள நார்த் பிளாட் என்னும் ஊரில் ஜாக் நைட் என்பவரிடம் வந்து சேர்ந்தபோது இரவு நெடுநேரம் ஆகியிருந்தது. அவர் ஏறியது லிபர்ட்டி என்னும் ஒற்றை யந்திரம் பூட்டிய டி ஹாவிலண்டு விமானம். ஓமஹா சேர்ந்ததும், அங்கே மூட்டைகளை ஏற்றுக்கொள்ளவேண்டிய விமானி வந்திலர் என்று அறிந்தார். தாம் ஒருபோதும் பறந்தறியாத சிகாகோ மார்க்கத்தில், சாதாரணச் சாலைப் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் மேலெழுந்தார். கீழே குடியானவர்களும் தபால் ஊழியர்களும் ஆங்காங்கே தீ மூட்டி வழிகாட்டினர். விடிந்தபின் அவர் சிகாகோவில் இறங்கினார். கடலிலிருந்து கடல்வரை தபால் சென்று சேர ஆன நேரம் 33 மணியும் 20 நிமிஷமுமே. ரயிலில் அதற்கு நான்கு நாளுக்கு மேலாகும்.

இவ்வீரச் செயலைப் பலரும் எழுதியுள்ளனர். எமக்கு அதனினும் கவனிக்கத்தக்கதாகத் தோன்றுவது, அதன்பின் அவ்விலாகா செய்த காரியம். விமானத்திற்கு இரண்டாவது யந்திரம் வேண்டும் என்று அது கேட்கவில்லை; நிலத்திற்கு விளக்கு வேண்டும் என்றது. சிகாகோவுக்கும் ஷையனுக்கும் இடையே சுழலும் பெருவிளக்குகளைக் கோபுரங்களின்மேல் நிறுத்தி, இடையிடையே விளக்கிட்ட அவசர இறங்குதளங்களை அமைத்து, 1924-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஒழுங்கான இராத் தபாலைத் தொடங்கிற்று. யந்திரம் நின்றால் எங்கே இறங்குவது என்னும் கேள்விக்கு விடையைத் தரையிலே எழுதி வைத்தார்கள் என்று சொல்லலாம். எவ்வளவு தெளிந்த அறிவு!

தென் அமெரிக்காவில் பிரெஞ்சுத் தபால் விமானிகளுக்கு இவ்வசதி எளிதிற் கிட்டவில்லை. ஜான் மெர்மோஸ் 1928-ஆம் ஆண்டில் ரியோவுக்கும் புவனோஸ் அயர்ஸுக்கும் இடையே இராத் தபாலைத் தொடங்கிவைத்தபோது ஒற்றை யந்திர விமானத்தையே நம்பிச் சென்றார். அக்கூட்டத்தில் ஒருவரான செந்த் எக்சுபெரி 1931-இல் வெளியிட்ட 'இராப் பறத்தல்' என்னும் நாவலில், தபாலுடன் சென்ற விமானி திரும்பி வராமற்போவது யந்திரக் கோளாற்றினாலன்று, புயலினால். இதனை நாம் மறத்தலாகாது.

நம் நாட்டின் கதை சற்று வேறு. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொணர்ந்த பஸ் மாத் விமானம் ஒற்றை யந்திரமுடையது. பம்பாயிலிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்கு அத்தபாலைக் கொணர்ந்தவர் நெவில் வின்ஸெண்ட். இந்தியாவில் இராத் தபால் 1949-ஆம் ஆண்டில் ஏற்பட்டபோது, டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை என்னும் நான்கு நகரங்களின் விமானங்களும் நள்ளிரவில் நாகபுரியிற் கூடி மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் மீண்டன. அவை இரட்டை யந்திர டக்கோட்டாக்கள். அந்த ஒழுங்கிற்கு அதுவே தக்கது. நாள்தோறும் தவறாமற் செய்யவேண்டிய வேலையை வானிலையின் தயவிற்கும் ஒற்றை யந்திரத்தின் தயவிற்கும் ஒருங்கே விட்டுவைத்தல் ஆகாது.

நிற்க. இரண்டு யந்திரம் இருந்தால் இருமடங்கு பாதுகாப்பு என்று பாமரரும் படித்தவரும் ஒருங்கே நம்புகின்றனர். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏதேனும் ஒரு யந்திரம் பழுதாகும் வாய்ப்பும் இரு மடங்காகின்றது. சிறிய இரட்டை யந்திர விமானத்தில் ஒன்று நின்றால் பாதி வலிமை போகின்றது. ஆயின் மேலேறும் ஆற்றலோ பாதியளவிற் குறைவதோடு நில்லாமல், பத்தில் எட்டுப் பங்கிற்கு மேலும் போய்விடுகின்றது. சமமட்டத்திற் பறப்பதற்கே யந்திர வலிமையிற் பெரும்பகுதி செலவாகிவிட, எஞ்சிய மிகுதியே விமானத்தை மேலே தூக்குவதாதலின் இங்ஙனம் நேர்கின்றது. அன்றியும், ஓடுகின்ற யந்திரம் விமானத்தை ஒரு பக்கமாகத் திருப்ப முயலும். வேகம் குறைந்த வேளையில், பழக்கமில்லாத விமானி கையில், அதுவே விமானத்தைக் கவிழ்த்துவிடும். சார்லஸ் லிண்ட்பர்க் 1927-ஆம் ஆண்டு மே மாதம் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கப் புறப்பட்டபோது, மூன்று யந்திர விமானமே வேண்டும் என்று பலர் கூறியும் ஒற்றை யந்திரத்தையே தேர்ந்தது இத்தகைய எண்ணத்தினாலேயே. இடையில் ஓர் இரவு முழுவதையும் கடந்து, 33½ மணி நேரத்தில் அவர் பாரிஸ் சேர்ந்தார். மெர்மோஸின் முடிவோ இதற்கு மறுதலை. பல இரவுகளை ஒற்றை யந்திரத்தோடு கழித்துப் பிழைத்த அவர், 1936-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் நான்கு யந்திரமுடைய கடல் விமானத்தில் டாக்காரிலிருந்து புறப்பட்டு, பின்புறத்து வலப்பக்க யந்திரத்தை நிறுத்துவதாகக் கம்பியில்லாத் தந்தியில் அறிவித்தபின் ஒரு சேதியுமின்றி மறைந்தார். இவ்விரு உதாரணங்களைக் கொண்டு ஒற்றை யந்திரமே சிறந்தது என்று யாம் சாதிக்க வரவில்லை. யந்திரங்களின் தொகையை மட்டும் எண்ணுவோர் தவறான தராசைப் பிடித்திருக்கின்றனர் என்பதே சொல்ல வந்தது.

இனி யந்திரம் நிற்கும் அபாயம் எவ்வளவு? டர்பைன் வகை ஒற்றை யந்திர விமானங்கள் இரவிலும் மேகத்தினுள்ளும் பறக்க அனுமதி பெறவேண்டுமாயின், அவ்வகை யந்திரம் 1,00,000 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் வலிமை இழக்கலாகாது என்பது சர்வதேச அளவு. ஆண்டொன்றுக்கு 50 மணி நேரமாக 30 ஆண்டு இரவிற் பறக்கும் ஒருவர் மொத்தம் 1,500 மணி நேரம் பறப்பார். அவ்வளவு சிறந்த யந்திரத்தோடும், தம் வாழ்நாளில் ஒரு முறை இருளில் அது நின்றுபோகக் காணும் வாய்ப்பு அவருக்கு நூற்றுக்கு ஒன்றரை. சிறு விமானங்களிலுள்ள பிஸ்டன் யந்திரமோ அத்துணை நம்பத்தக்கதன்று. மாக்னெட்டோ இரண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிளக் இரண்டு என்று அதில் இரட்டை ஏற்பாடுகள் இருப்பினும், கார்புரேட்டரில் உறையும் பனியும், எண்ணெய் தீர்ந்தது காணாத மறதியும் அந்த ஏற்பாடுகளை மதிப்பதில்லை.

அங்ஙனம் நின்றால் விமானம் கல்லைப்போல் விழுவதில்லை. செஸ்னா 172 என்னும் பரவலான சிறு விமானம், ஓரடி இறங்குமுன் ஏறக்குறைய ஒன்பது அடி முன்னே சறுக்கிச் செல்லவல்லது. தரைக்குமேல் 5,000 அடி உயரத்தில் யந்திரம் நின்றால், காற்றில்லாத வேளையில் சுமார் 14 கிலோமீட்டர் தூரமும் ஆறு நிமிஷத்திற்கு மேற்பட்ட அவகாசமும் கிடைக்கும். பகலாயின் அந்த ஆறு நிமிஷத்தில் ஒரு வயலையோ சாலையையோ தெரிந்து கொள்ளலாம். இரவில் கீழே ஒளி தெரியுமிடம் வீடுகளும் மின்கம்பிகளும் உள்ள இடம். ஒளி தெரியாத இடம் வயலாயினும் ஆகலாம், ஏரியோ பாறையோ ஆயினும் ஆகலாம். விமானிகளிடையே ஒரு கசப்பான வேடிக்கைப் பேச்சு உண்டு: தரை நெருங்கியதும் முன்விளக்கை ஏற்றிப் பார், காண்பது உனக்குப் பிடிக்காவிடின் விளக்கை அணைத்துவிடு என்பது. சிரிக்கலாம், ஆனால் ஒற்றை யந்திரத்தால் விளையும் இராப் பயம் முழுவதும் அப்பேச்சினுள் அடங்கியிருக்கின்றது. உயரமாகப் பறத்தலும், நிலவுள்ள இரவைத் தெரிந்துகொள்ளுதலும், நேர்வழியை விட்டு விளக்கிட்ட தளங்களை ஒட்டிச் செல்லுதலுமே இதற்கு மருந்து. வழி நீளும் என்று முணுமுணுப்பவர் ரயிலிற் போகட்டும்.

ஆயினும், இவ்வளவையும் ஒரு தட்டில் வைத்து மறுதட்டில் மனிதனுடைய கண்ணையும் காதையும் வைத்தால், பின்னதே தாழும் என்று எண்ணுகின்றோம். நாம் நிமிர்ந்திருக்கின்றோமா சாய்ந்திருக்கின்றோமா என்பதை நமக்கு உணர்த்துவன கண்ணும் உட்செவியிலுள்ள சிறு குழாய்களும் ஆம். அக்குழாய்களிலுள்ள நீர் மெல்லிய திருப்பத்தை உணர்வதில்லை. திருப்பம் நீடித்தால் அதனையே நேர்நிலை என்று கொள்ளும். விமானத்தை நிமிர்த்தினால், எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டதாகப் பொய் சொல்லும். பகலில் அடிவானத்தைக் காணும் கண் இப்பொய்யைத் திருத்திவிடுகின்றது. நிலவில்லாத இரவிலோ திருத்துவார் இல்லை. மேகத்தினுட் புகுந்தாலும் நிலை இதுவே. கருவிகளைக் கொண்டு பறக்கப் பயிலாத 20 பேரை இல்லினாய் சர்வகலாசாலையார் சோதித்து 1954-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அடிவானம் மறைக்கப்பட்ட இருபதின்மரும் விமானத்தை ஆளமுடியாமல் இழந்தனர். அதற்குச் சென்ற நேரம் சராசரி 178 விநாடி. மூன்று நிமிஷங்கூட அன்று!

1999-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த கென்னடியின் புதல்வர், தம் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு பைப்பர் ஸாரட்டோகா என்னும் ஒற்றை யந்திர விமானத்தில் நியூ ஜெர்ஸியிலிருந்து மார்த்தாஸ் வினியார்டு தீவை நோக்கிப் புறப்பட்டார். இரவு, கடல்மேல் மங்கல். கரையை விட்டு நீர்ப்பரப்பின்மேற் சென்றபின், விமானம் தாறுமாறாகத் திரும்பிக் கடலில் வீழ்ந்தது, மூவரும் மாண்டனர். நீரின் அடியிலிருந்து எடுத்துச் சோதித்த யந்திரத்தில் முன்னரே பழுதிருந்ததற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. திசையும் நிலையும் மயங்கியதால் விமானி ஆட்சியிழந்தார் என்பதே விசாரணை செய்த அரசாங்கச் சபையின் தீர்ப்பு. அவருக்குக் கருவிப் பறப்புத் தகுதி இல்லை. அதற்கான பயிற்சியை முடித்திலர். உடன் வருகின்றேன் என்று ஒரு பயிற்சியாசிரியர் கூறியபோதும் வேண்டாவென்று தனியே சென்றார். இவ்விமானத்தில் யந்திரம் இரண்டல்ல, நான்கே இருந்திருப்பினும் முடிவு வேறாகியிராது.

இப்பொய்யை வெல்லும் வழியோ நெடுநாட்களுக்கு முன்னரே காட்டப்பட்டது. ஜேம்ஸ் டூலிட்டில் 1929-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், தம் இருக்கையை மூடி மறைத்துக்கொண்டு, ஸ்பெரியின் செயற்கை அடிவானத்தையும் கோல்ஸ்மனின் நுட்பமான உயரமானியையும் ரேடியோவையும் மட்டும் நம்பி ஏறிப் பறந்து இறங்கினார். அவர் ஓட்டியதும் ஒற்றை யந்திர விமானமே. கருவி உளது, அதனை நம்பும் பழக்கமே அரிது. உடம்பு முழுவதும் 'வலப்பக்கம் சாய்கின்றாய்' என்று கூவும்போது, சிறு கண்ணாடி வட்டம் ஒன்றைப் பார்த்து 'இல்லை' என்று இருத்தல் பயிற்சியால் அன்றிக் கைகூடாது. அப்பயிற்சியும் சில மாதம் விட்டிருந்தால் மங்கிவிடும்.

இறங்கும் வேளையிலும் ஒரு மாயம் உண்டு. ஓடுதளத்தின் விளக்குகள் தவிர முன்னே யாதொரு ஒளியுமில்லாத இருண்ட கடலோ காடோ இருப்பின், தாம் உள்ள உயரத்தை விமானிகள் மிகுத்து எண்ணித் தாழ்வாக இறங்கிவிடுகின்றனர். போயிங் கம்பெனியின் கான்ராட் கிராஃப்ட் 1960-களில் அனுபவம் மிக்க விமானிகளையே பொய்விமானத்தில் அமர்த்தி இதனைக் காட்டினார். மேலும், இருட்டுக்குக் கண் முற்றும் பழக அரைமணி நேரம் ஆகும்; ஒரு நொடிப் பொழுது வெண்ணொளி பட்டால் அப்பழக்கம் கெடும். இனி மின்சாரம் பிறப்பிக்கும் கருவி பழுதாகிவிடின், மாக்னெட்டோவின் உதவியால் யந்திரம் ஓடிக்கொண்டிருக்க, விளக்கும் ரேடியோவும் பாட்டரி தீர்ந்ததும் அவியும். ஆதலின் கைவிளக்கு ஒன்றல்ல, இரண்டு வேண்டும் என்று பழகிய விமானிகள் சொல்வது மிகையன்று.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், யார் பொருட்டு இவ்வபாயம் ஏற்கப்படுகின்றது, ஏற்பவர் யார் என்னும் கேள்வி வந்து நிற்கின்றது. லிண்ட்பர்க் தபால் விமானியாயிருந்த 1926-ஆம் ஆண்டில், தரையை மூடிய மூடுபனியில் இறங்க இடங்காணாமல் எண்ணெய் தீருமட்டும் சுற்றி, இருமுறை இரவிற் பாரசூட்டினாற் குதித்துப் பிழைத்தார். (முதன்முறை அவர் குதித்தபின் யந்திரம் மறுபடியும் ஓடத் தொடங்கி, ஆளில்லா விமானம் அவரையே சுற்றிச் சுற்றி வந்ததாம்.) அவர் பின்னே இருந்தவை கடித மூட்டைகள். கடிதங்களுக்கு உயிரில்லை, அபாயத்தை அறிந்தவர் அவர், ஏற்றவரும் அவர். பின்னிருக்கையில் மனைவியோ நண்பனோ அமர்ந்திருந்தால் கணக்கு மாறிவிடுகின்றது. விமானியின் கைத்திறம் எவ்வளவு, கீழே உள்ளது நிலமா நீரா என்பன ஒன்றும் அவர்கள் அறியார். அன்பின் பொருட்டு ஏறுகின்றனர். அறியாதவனிடம் பெற்ற சம்மதம் சம்மதமாகாது.

இதற்கு நேர் எதிரான வழக்கும் ஒன்று உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் நியாயமன்று. ஆஸ்திரேலிய உள்நாட்டு மிஷனைச் சேர்ந்த ஜான் ஃபிளின் பாதிரியாரின் முயற்சியால், 1928-ஆம் ஆண்டு மே மாதம் குவீன்ஸ்லாந்திலுள்ள கிளான்கரி என்னும் ஊரிலிருந்து முதன்முதலாக ஒரு மருத்துவர் விமானமேறி நோயாளியிடம் சென்றார். அன்று பறந்தது ஒற்றை யந்திர விமானம். இன்றும் அப்பறக்கும் வைத்தியர் சேவையில் பிலாட்டஸ் பி.சி. 12 என்னும் ஒற்றை டர்பைன் விமானங்கள் பறக்கின்றன. நள்ளிரவில், அருகில் ஊரொன்றுமில்லாத பண்ணைகளின் மண்தளங்களில் இறங்குகின்றன. பண்ணையார் தளத்தின் இருமருங்கும் விளக்குகளை ஏற்றி, கங்காருக்களை வண்டியோட்டி விரட்டிவிட்டுக் காத்திருக்கின்றனர். பிரசவ வேதனையில் இருப்பவளை நோக்கி, 'விடியட்டும்' என்று சொல்ல எவர்க்கு மனம் வரும்? இங்கே பறவாமையும் ஓர் அபாயம். ஆனால் அச்சேவையின் யந்திரம் டர்பைன், விமானியோ தேர்ந்த தொழிலாளர், தரையிலே விளக்கு, பயணம் கட்டாயம். இந்நான்கும் கூடிய இடத்தில் ஒற்றை யந்திரத்தைக் குறைகூற எமக்கு வாயில்லை. சில நாடுகளின் ஆம்புலன்ஸ் விமானச் சேவைகளில், நோயாளியின் நிலையை விமானிக்குச் சொல்லாமலே, போகலாமா கூடாதா என்று அவரைத் தீர்மானிக்கச் சொல்கின்றனர். இரக்கம் வானிலையை மாற்றாது என்று அறிந்த ஏற்பாடு அது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 2005-ஆம் ஆண்டிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2017-ஆம் ஆண்டிலும், கட்டணம் பெற்றுப் பிரயாணிகளை ஏற்றும் ஒற்றை டர்பைன் விமானங்களுக்கு இரவிலும் மேகத்திலும் பறக்க நிபந்தனைகளுடன் வழிவிட்டதை யாம் குறைகூறவில்லை. 1998-இல் அனுமதி பெற்ற ஸிர்ரஸ் விமானத்தைப்போல், விமானத்தையே தாங்கி இறக்கும் பாரசூட்டும் வந்துவிட்டது. இரவில் அதன் பயன் பகலினும் பெரிது. குறை வேறிடத்தில் உளது. அமெரிக்காவில் தனியார் விமானி, முந்திய 90 நாளில் இரவில் மூன்று முறை ஏறி இறங்கியிருந்தால் பிரயாணிகளை இரவில் ஏற்றிச் செல்லலாம். கருவிப் பறப்புத் தகுதி வேண்டியதில்லை. விளக்குகள் நிறைந்த பட்டணத்தருகே மூன்று முறை சுற்றி இறங்கியவன், நிலவற்ற கடல்மேல் செல்லத் தகுதியுடையவன் என்று கொள்வது எங்ஙனம்? தனியே செல்பவனைச் சட்டம் தடுக்க வேண்டியதில்லை. பிறரை ஏற்றிக்கொண்டு, ஒளியில்லாத நீரின்மேலோ மலையின்மேலோ காட்டின்மேலோ இரவிற் செல்பவனிடம் மட்டும் கருவிப் பறப்புத் தகுதியையோ, அத்தகுதியுடைய ஒருவரின் துணையையோ சட்டம் கேட்கட்டும். 1999-ஆம் ஆண்டில் அத்தகைய விதி இருந்து, அதனை மதித்திருப்பின், அந்த ஜூலை மாத இரவில் பயிற்சியாசிரியர் உடன் ஏறியிருப்பார். இன்றேல் விமானம் மறுநாட் காலையிற் புறப்பட்டிருக்கும்.